குண்டர் கும்பல் பற்றி ஆய்வு செய்யப் போகிறீர்களா? கோலாலம்பூர் முதுகலை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமூகவியலோ குற்றவியலோ பொதுக்கொள்கையோ படிக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "குண்டர் கும்பல் பற்றி ஆய்வு செய்யணும், எங்கிருந்து தொடங்குறது?" கோலாலம்பூரில் இந்தத் தலைப்பில் முதுகலை முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் நேரத்தை அதிகம் தின்னப்போவது அனுமதிக் கடிதங்கள்தான். எந்தக் கடிதம் எதற்கு முன்னால் வர வேண்டும் என்பதை யாரும் ஓரிடத்தில் எழுதி வைக்கவில்லை. மேசைக்கு மேசை அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகத் தருகிறேன். பினாங்கில் படிப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே வரிசைதான். மாறும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்ல வேண்டும். உங்களிடம் வாய்திறந்து பேசுகிறவர் மறுநாளும் அதே அடுக்குமாடியில், அதே மாமாக் கடையில் நடமாட வேண்டியவர். கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் அவரைக் காப்பதற்காகத்தான்.

1. முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

"மலேசிய இந்தியர்களும் குண்டர் கும்பலும்" என்பதை நாளிதழ்த் தலைப்பாகப் போடலாம். ஆய்வுக் கேள்வியாக அது நிற்காது. ஒரு கேள்வியை எழுதியதும், இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் யார், அவரைச் சந்திக்க யாருடைய அனுமதி வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள். அனுமதி வரிசை நீண்டுகொண்டே போனால் கேள்வியை மாற்றிவிடுங்கள்.

இரண்டு உதாரணங்கள். "கும்பலை விட்டு விலகியவர்கள் வேலை தேடும்போது பழைய வழக்கு எப்படிக் குறுக்கே நிற்கிறது?" என்ற கேள்விக்கு விலகியவர்களைச் சந்தித்தால் போதும். சிறைக்கோ பள்ளிக்கோ போக வேண்டியதில்லை. "2017 ஏப்ரலில் வெளியான மலேசிய இந்தியர் புளூபிரிண்ட் என்ற அரசுத் திட்ட ஆவணம் வழிதவறும் அபாயத்தில் உள்ள இளையோர் பற்றி என்ன சொன்னது, அதன்பின் நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் என்ன பதில் சொன்னார்கள்?" என்ற கேள்விக்கு ஒரு மனிதரைக்கூடச் சந்திக்கத் தேவையில்லை. கைச்செலவில் படிப்பவர்களும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும் இந்த இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. ஆவணங்களை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வைச் சிலர் மட்டமாகப் பேசுவார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இப்போதும் கும்பலில் இருப்பவரைப் பேட்டி எடுக்கும் திட்டம் இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். காரணம் நான்காவது படியில்.

2. வரையறையைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுங்கள்

முன்மொழிவுத் தேர்வில் விழும் முதல் அடி இங்கேதான். "திட்டமிட்ட குற்றக் கும்பல்" என்று எழுதிவிட்டு யாருடைய வரையறை என்று சொல்லாமல் விட்டால், தேர்வாளர் அதையே பிடித்துக்கொள்வார்.

2000ஆம் ஆண்டின் ஐ.நா. பலெர்மோ ஒப்பந்தம் மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர் சேர்ந்த குழுவைக் கும்பல் என்கிறது. கடுங்குற்றம் என்றால் குறைந்தது நான்காண்டுச் சிறை விதிக்கத்தக்க குற்றம். நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 130யு பிரிவுக்கு இரண்டு பேர் இருந்தாலே போதும். ஆனால் கடுங்குற்றம் என்பது பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். அதையடுத்த 130வி பிரிவு, கும்பலில் உறுப்பினராக இருப்பதற்கே ஐந்து முதல் இருபது ஆண்டு வரை சிறை விதிக்கிறது. சங்கச் சட்டம் 1966 சொல்லும் "சட்டவிரோதச் சங்கம்" முற்றிலும் வேறு பாதை. இந்த மூன்றில் எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே அறிவித்துவிடுங்கள். எந்தத் தீர்ப்பு, எந்தப் புள்ளிவிவரம் உங்கள் ஆய்வுக்குள் வரும் என்பதை இந்தத் தேர்வுதான் முடிவு செய்யும்.

ஆயுத மோதல் பற்றிய உலகத் தரவுத்தளங்களை நம்பி இறங்குவதும் ஒரு பொறி. உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத்தளத்தில் ஒரு மோதல் பதிவாக வேண்டுமானால் ஆண்டுக்குக் குறைந்தது 25 உயிர்கள் போயிருக்க வேண்டும். நம் ஊர்க் கும்பல் தகராறு அந்த வலையில் சிக்காது. "தரவு இல்லை, ஆகவே வன்முறை இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

3. வீட்டிலிருந்தே கிடைப்பதை முதலில் முடித்துவிடுங்கள்

இதற்கு அனுமதி வேண்டாம், செலவும் இல்லை. முதல் இரண்டு மாதத்தை முழுக்க இதற்கே கொடுங்கள்.

புள்ளிவிவரத் துறையின் ஓப்பன் டோசம் தளத்தில் போலீஸ் மாவட்ட வாரியாகக் குற்றக் கணக்கு இலவசமாகக் கிடைக்கிறது. வன்முறைக் குற்றத்தில் கொலை, பாலியல் வல்லுறவு, கொள்ளை, காயம் விளைவித்தல் ஆகியவை வரும். சொத்துக் குற்றத்தில் வீடு புகுந்து திருடுவது, வாகனத் திருட்டு, பிற திருட்டுகள் ஆகியவை வரும். "குண்டர் கும்பல் குற்றம்" என்று தனிப் பத்தி கிடையாது. கொள்ளை கூடியதைக் காட்டிக் கும்பல் வளர்ந்துவிட்டது என்று எழுதினால் அது உங்கள் ஊகம் மட்டுமே. புகார் கொடுக்கப்பட்ட குற்றம்தான் இந்தக் கணக்கில் வரும் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். மிரட்டிப் பணம் பறிக்கப்பட்டவர்களில் பலர் போலீஸ் நிலையப் படியே ஏறுவதில்லை.

நாடாளுமன்ற ஹன்சார்ட் (அவையில் பேசியதன் பதிவு) இணையத்தில் முழுமையாக இருக்கிறது, மலாயில். "கொங்சி கெலாப்" (ரகசியக் கும்பல்), "மஸ்யாராகாட் இந்தியா" (இந்தியச் சமூகம்), "போக்கா" (குற்றத் தடுப்புச் சட்டம்), "சோஸ்மா" (பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்பு நடவடிக்கைச் சட்டம்) என்று தேடுங்கள். வேறெங்கும் வெளிவராத எண்கள் உறுப்பினர் கேள்விகளுக்கான எழுத்துப் பதில்களில் கிடக்கின்றன. நீதித்துறையின் மின்தீர்ப்புத் தளமும் இலவசம். 130வி என்று தேடினால் வரும் தீர்ப்புகளில், அரசுத் தரப்பு எதைச் சாட்சியமாக வைத்தது, நீதிபதி எதை ஏற்கவில்லை என்பது விரிவாக இருக்கும். சில கேள்விகளுக்கு இந்தத் தீர்ப்புகளே முழுத் தரவாகப் போதும். தடுப்புக் காவல் பற்றி எழுதுபவர்கள் சுவாராம் என்ற மனித உரிமை அமைப்பின் ஆண்டறிக்கைகளையும் தேசிய மனித உரிமை ஆணையமான சுஹாக்கத்தின் அறிக்கைகளையும் விடாமல் படியுங்கள்.

பழைய நாளிதழ்களுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தைப் பாருங்கள். அதில் தமிழ் முரசும் இருக்கிறது, மலாயாச் செய்திகளும் ஏராளம். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய இதழ்களை ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய நூலகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். போகுமுன் தொலைபேசியில் கேட்டால் ஒரு பயணம் மிச்சம்.

எச்சரிக்கையோடு கையாள வேண்டிய ஓர் ஆவணம் இருக்கிறது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் இந்தியர் என்றும் அப்போது சொல்லப்பட்டது. 2020 மக்கள் தொகைக் கணக்கில் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம் சமூகத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதும் கட்டுரைகளை நிறையப் படித்து மனம் நொந்திருக்கிறேன். "உறுப்பினர்" என்று யாரை எண்ணினார்கள்? சந்தேகத்தில் பிடிபட்டவரையா, தண்டிக்கப்பட்டவரையா? இந்தக் கேள்வியை எழுப்பாமல் அந்த எண்ணை உங்கள் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.

4. எந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது

களத்துக்குப் போகுமுன் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

சங்கச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி சட்டவிரோதச் சங்கத்தின் கூட்டத்தில் கலந்துகொள்வதே குற்றம். "கவனிக்கத்தான் போனேன்" என்ற பதில் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். பிறந்தநாள் விருந்து, இறுதி ஊர்வலம், தைப்பூசத்தில் ஒரே எண் பொறித்த சட்டையோடு வரும் குழு (இங்கே பல கும்பல்களுக்கு எண்தான் பெயர்), எதுவானாலும் அழைப்பு வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். படமும் எடுக்காதீர்கள்.

வழக்கறிஞரும் கட்சிக்காரரும் பேசிக்கொள்வதைச் சாட்சியச் சட்டம் 1950 பாதுகாக்கிறது. ஆய்வாளருக்கு அப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது. உங்கள் ஒலிப்பதிவையும் குறிப்பேட்டையும் கேட்டு நீதிமன்றமோ போலீஸோ வரலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சில வகைக் குற்றங்களை அறிந்தவர் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆகவே "நீங்க சொல்றது எல்லாம் ரகசியமா இருக்கும்" என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். நம்மால் காப்பாற்ற முடியாத வாக்கு அது.

அதிகாரபூர்வ ரகசியச் சட்டம் 1972 அடுத்த கோடு. பேட்டியின்போது நல்ல மனதோடு ஓர் அதிகாரி அறிக்கை ஒன்றை நீட்டலாம். முதல் பக்கத்தின் மேல் மூலையைப் பாருங்கள். ரஹ்சியா பெசார், ரஹ்சியா, சூலிட், தெர்ஹாட் ஆகிய நான்கில் எந்த முத்திரை இருந்தாலும் வாங்காதீர்கள், கைப்பேசியில் படமும் எடுக்காதீர்கள். கொடுத்தவர் மட்டுமல்ல, பெற்றுக்கொண்டவரும் குற்றவாளி. 8ஆம் பிரிவில் குறைந்தபட்ச தண்டனையே ஓராண்டுச் சிறை.

வழக்கு நடந்துகொண்டிருப்பவரை, சோஸ்மாவின் கீழ் 28 நாள் காவலில் இருப்பவரின் குடும்பத்தை, அந்த நேரத்தில் பேட்டி கேட்காதீர்கள். பேசினால் விடுதலை கிடைக்குமோ என்ற தவிப்பில் அந்த அம்மாக்கள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். வழக்கு முடியட்டும். அவர்களுடைய வழக்கறிஞருக்கும் தெரியட்டும். அதன்பின் போங்கள்.

5. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்

மனிதர்களைப் பேட்டி எடுப்பதானால் இது இல்லாமல் எதுவும் நகராது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் யு.எம்.ஆர்.இ.சி., யு.கே.எம்.மில் ஜே.இ.பி. என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு குழு உண்டு. பினாங்கு யு.எஸ்.எம். மாணவர்கள் கவனிக்க: உங்களுக்கான ஜேப்பெம் குழுவின் செயலகம் கிளந்தான் குபாங் கிரியானில் இருக்கிறது. நேரில் போய்ப் பேசி விரைவுபடுத்தலாம் என்று எண்ணாமல் இணையத்தில் முன்கூட்டியே போடுங்கள்.

ஆய்வு முன்மொழிவு, பேட்டிக் கேள்விகள், விளக்கத் தாள், ஒப்புதல் படிவம், மேற்பார்வையாளர் கையொப்பம், தரவைப் பாதுகாக்கும் திட்டம் ஆகியவை தயாராக இருக்க வேண்டும். விளக்கத் தாளும் படிவமும் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும். குழுவின் கூட்டத் தேதியையும் அதற்கான கடைசி நாளையும் விசாரித்து எழுதி வையுங்கள். ஒரு நாள் தவறினால் அடுத்த கூட்டம்தான். திருத்தம் கேட்டுத் திரும்பி வரும் என்று வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

பெரும்பாலோர் தவறவிடும் ஒன்று: கையொப்பம். கும்பலில் இருந்தவரிடம் அவர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்ட படிவத்தில் கையெழுத்து வாங்கினால், அந்தத் தாள்தான் உங்களிடமுள்ள மிக ஆபத்தான பொருள். வாய்மொழி ஒப்புதல் போதும் என்று விண்ணப்பத்திலேயே காரணத்தோடு கேளுங்கள். கேட்காவிட்டால் வழக்கமான படிவத்தைத்தான் கொடுப்பார்கள்.

ஒப்புதல் தாளின் தமிழ் பேச்சுத் தமிழாக இருக்கட்டும். நான் பேட்டிக்கு முன் வாசித்துக் காட்டியது இப்படி இருந்தது: "அண்ணே, பேரு, இடம், தேதி எதுவும் சொல்லாம பேசுங்க. கோர்ட்டுல முடியாத கேஸ் பத்திப் பேச வேணாம். இனிமே நடக்கப் போறது எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லிடாதீங்க, சொன்னா என்னால மறைக்க முடியாது. பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் எழுந்து போயிடலாம், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." இதைக் கேட்ட பிறகு முகத்தில் இறுக்கம் தளர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதலும் பிள்ளையின் ஒப்புதலும் இரண்டும் வேண்டும். முதல் ஆய்விலேயே சிறார்களைச் சேர்க்காமல் இருப்பது நல்லது.

6. பள்ளி, சிறை, போலீஸ்: யாருக்கு எந்தக் கடிதம்

பள்ளி என்றால் கல்வி அமைச்சின் ஆய்வுப் பிரிவுக்கு இ-ராஸ் தளம் வழியாக விண்ணப்பம். அது கிடைத்ததும் மாநிலக் கல்வித் துறைக்குத் தனிக் கடிதம். அதன்பின்தான் தலைமையாசிரியர். "தலைமையாசிரியர் நமக்குத் தெரிஞ்சவர்தானே" என்று நேரே போய் நிற்காதீர்கள். அவர் வேலைக்கு நீங்கள் உலை வைக்கிறீர்கள். ஆண்டிறுதி விடுமுறையைக் கணக்கில் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

சிறை என்றால் காஜாங்கிலுள்ள சிறைத் துறைத் தலைமையகத்துக்கு எழுத வேண்டும். தனிச் சிறையின் வாசலில் கேட்டுப் பயனில்லை. கடிதம் மலாயில் இருக்கட்டும். நெறிமுறைக் குழு ஒப்புதல், கேள்விப் பட்டியல், மேற்பார்வையாளர் கடிதம், அடையாள அட்டை நகல் ஆகியவற்றை இணையுங்கள். எந்தச் சிறை, எத்தனை பேர், எத்தனை நாள் என்பதைத் திட்டவட்டமாகக் கேளுங்கள். ஒலிப்பதிவுக் கருவி உள்ளே போகாது, அதிகாரி ஒருவர் அறையில் இருப்பார் என்று வைத்துக்கொண்டே கேள்விகளைத் தயாரியுங்கள். அதிகாரி முன்னால் கைதி சொல்லும் பதிலுக்கு எவ்வளவு எடை என்பதையும் ஏட்டில் விவாதிக்க வேண்டும். ஆறு மாதம் ஒதுக்குங்கள். அதற்குள் வராவிட்டால் என்ன செய்வது என்ற மாற்றுத் திட்டத்தை முன்மொழிவிலேயே எழுதுங்கள்.

போலீஸ் தரப்பு வேண்டுமானால் போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானுக்கு எழுதலாம். என் ஆலோசனை, ஓய்வுபெற்ற அதிகாரிகளிடம் போங்கள். அவர்களுக்கும் ரகசியச் சட்டம் பொருந்தும் என்பதால் ஆவணம் கேட்காமல் அனுபவத்தை மட்டும் கேளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம் பற்றிப் பலருக்குத் தவறான நம்பிக்கை இருக்கிறது. பினாங்கிலும் சிலாங்கூரிலும் மாநிலச் சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் போலீஸ், சிறை, உள்துறை மூன்றும் மத்திய அரசின் கீழ் வருபவை. மாநிலச் சட்டத்தால் அவற்றைத் தொட முடியாது. மாநில வீடமைப்பு, ஊராட்சி மன்றக் கோப்புகளுக்கு அந்த வழி பயன்படும். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் என்பதால் இங்கே அதுவும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து ஆய்வு செய்பவர்கள், வெளிநாட்டு ஆய்வாளர் அனுமதி பற்றிப் பல்கலைக்கழக அனைத்துலக அலுவலகத்தில் வந்த வாரமே கேளுங்கள்.

7. களம்

ஒருவர் மூலம் இன்னொருவர் என்று போனால் கடைசியில் ஒரே கும்பலின் கதைதான் உங்கள் கையில் இருக்கும். எதிர்த்தரப்பு உங்களை அவர்களுடைய ஆளாகப் பார்க்கவும் தொடங்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வாசல்களிலாவது தட்டுங்கள்: இளையோருக்குத் தொழிற்பயிற்சி தரும் அமைப்பு ஒன்று, குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர், கோவிலோ தேவாலயமோ நடத்தும் மறுவாழ்வு இல்லம் ஒன்று. அறிமுகம் செய்பவரிடம் யார் சம்மதித்தார், யார் மறுத்தார் என்று திரும்பிச் சொல்லாதீர்கள்.

அவருடைய தாமானிலோ பிளாட்டிலோ சந்திக்க வேண்டாம். செந்தூல்காரரை செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸ்காரரை பிரிக்ஃபீல்ட்ஸிலும் உட்கார வைத்துப் பேசினால் அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரியும். பகல் நேரத்தில், பேரங்காடியின் உணவு மையம் போன்ற, யாரும் யாரையும் கவனிக்காத இடம் நல்லது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது நம்பகமான ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். சந்திப்பவரின் பெயரை அவரிடமும் சொல்லாதீர்கள். பெண்கள் தனியாகப் போகாதீர்கள். துணைக்கு வருபவரும் ரகசியக் காப்பு உறுதிமொழி எழுதித் தர வேண்டும், அதையும் நெறிமுறை விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.

தனி சிம் அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கும்பலின் பெயராக வழங்கும் எண்ணை நீங்களாக உச்சரிக்காதீர்கள். நீங்கள் 04, 08, 36 என்று அடுக்கினால் எதிரில் இருப்பவர் உங்களைப் பற்றி வேறு கணக்குப் போடுவார்.

8. செலவு

கோலாலம்பூருக்குள் அலைவதற்கு மாதம் 50 ரிங்கிட் மை50 அட்டை போதும். எம்.ஆர்.டி.யில் காஜாங்கும் புத்ராஜெயாவும் அதற்குள் அடங்கிவிடும். கே.டி.எம். கொமுட்டர் அதில் சேராது என்பதால் அதில் கிள்ளான் போவதானால் தனிக் காசு. பேட்டி தருபவருக்கு ஒரு வேளை சாப்பாடும் 30 முதல் 50 ரிங்கிட் வரை அன்றைய கூலி இழப்புக்கு ஈடாகவும் கொடுப்பது நியாயம். அந்தத் தொகையை நெறிமுறை விண்ணப்பத்தில் காட்டியிருக்க வேண்டும். ரசீதில் அவர் பெயர் எழுத வேண்டாம், குறியீட்டு எண் போதும் என்று நிதிப் பிரிவிடம் முன்னதாகவே எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள்.

பேச்சை எழுத்தாக்கும் வேலையை வெளியாளிடம் கொடுக்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறு மணி நேரம் ஆகும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் பேச்சுக்கு இன்னும் கூடும். இணையத்தில் ஏற்றித் தானாக எழுதித் தரும் செயலிகளையும் தவிர்த்துவிடுங்கள். அந்தக் குரல் எங்கே போய்ச் சேரும் என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது.

9. தரவைக் காப்பதும் ஏட்டை ஒப்படைப்பதும்

வீடு திரும்பிய அன்றே ஒலிப்பதிவைக் கைப்பேசியிலிருந்து எடுத்து, வேராக்ரிப்ட் போன்ற இலவச மென்பொருளில் பூட்டிய தனி வட்டில் வையுங்கள். எழுத்தாக்கிச் சரிபார்த்ததும் ஒலிப்பதிவை அழித்துவிடலாம் என்று நெறிமுறைக் குழுவிடம் முன்னதாகவே கேட்டிருங்கள். குறியீட்டு எண்ணுக்கும் உண்மைப் பெயருக்குமான பட்டியலை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறைந்துவிட மாட்டார். கும்பல் எண், பள்ளியின் பெயர், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, எந்த ஆண்டில் எந்தச் சிறை, உடலில் எங்கே வெட்டுக் காயம் என்பவற்றில் மூன்று சேர்ந்தாலே ஊர்க்காரர் ஆளைச் சொல்லிவிடுவார். ஏட்டை முடித்ததும் அந்த வட்டாரத்தை நன்கறிந்த, உங்கள் ஆய்வில் பங்கெடுக்காத ஒரு வழக்கறிஞரிடமோ சமூகப் பணியாளரிடமோ மேற்கோள்களை மட்டும் காட்டி, "இதில் யாரையாவது அடையாளம் தெரியுதா, பேரைச் சொல்லாம ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அந்த மேற்கோளை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஒப்படைப்புக்கு முன் கடைசி வேலை ஒன்று உண்டு. பல்கலைக்கழக நூலகங்கள் ஏடுகளை இணையத்தில் ஏற்றும். உங்கள் ஏட்டைச் சில ஆண்டுகள் கட்டுப்பாட்டில் வைக்கக் கோரும் படிவம் பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் இருக்கும். வாய்மொழித் தேர்வுக்கு முன்பே அதை வாங்கி, மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு ஏட்டுடன் சேர்த்தே கொடுங்கள். இணையத்தில் ஏறிய பின் இறக்கச் சொன்னால் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் யார் வேண்டுமானாலும் பதிவிறக்கம் செய்திருக்கலாம்.